சம்பந்தி வீட்டைப் பார்த்த பீரங்கி

பீரங்கி வெடித்துக் கோட்டை விழுந்த கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். ஒருநாளும் வெடிக்காத ஒரு பீரங்கி, சும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு கல்யாணத்தை விழவைக்கப் பார்த்த கதை இது. அருகில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

துப்பறிகிறவள் பெயர் அண்ணி. யாருக்கு அண்ணி என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். கொழுந்தனுக்கு அண்ணி. அவன் போகிற இடத்திலெல்லாம் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் போலீஸ்காரர்களுக்கும் திருடர்களுக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள். ரயில் நிலையத்தில், தொலைந்த சாமான்களைச் சேர்த்து வைக்கும் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். குடை, பல்செட், ஒரு முறை ஒருவருடைய மாமியார் என்று எத்தனையோ உருப்படிகளை உரியவர்களிடம் ஒப்படைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. அவனுக்கு இந்தத் தொழிலில் இரண்டு வேலை. பையைத் தூக்குவது ஒன்று, வாயை மூடாமல் இருப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு யாரும் அவனை நியமிக்கவில்லை.

இருவரும் அன்று காலை, கோட்டை இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்குப் படகு ஏறினார்கள்.

படகில் இரண்டு பக்கமும் நீள பெஞ்சு. தீவுக்காரர்கள் அத்தனை பேரும், மூட்டை முடிச்சு கோழிக்கூடை எல்லாவற்றோடும், இடது பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வலது பெஞ்சில் ஈ காக்காய் இல்லை. அண்ணியும் கொழுந்தனும் அங்கே ராஜா ராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டார்கள். கரையில் காலியாக நின்றபோது நட்டமாக நின்ற படகு, எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே கிளம்பியது. சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர், கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் போங்கப்பா என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

கொழுந்தனுக்குத் தாங்கவில்லை. எதிரே கோழிக்கூடையோடு இருந்த அம்மாவிடம், இங்கே இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று கேட்டான்.

"இது வலது பக்கம் சாயுற படகு தம்பி. நாங்க இந்தப் பக்கம் உக்காந்தாத்தான் நேரா போகும்."

"இப்ப நேரா போகுதா?"

அந்த அம்மா தன் முழங்கையை நனைத்துக்கொண்டிருந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல. கொஞ்ச நாளா கடல் சரியில்ல," என்றாள்.

கடலை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாமே அண்ணி என்று கொழுந்தன் காதோரம் சொன்னான். அண்ணி சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ கிளாஸை பெஞ்சில் வைத்து, டீ எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தாள். பார்த்ததை மனசில் முடிந்துகொண்டு, எழுந்து படகுக்காரரிடம் போனாள்.

வழக்கில் வாதி அவர்தான். வெள்ளை மீசை, கறுப்புக் கண்ணாடி, இரும்புக் கம்பியை விழுங்கினவர் மாதிரி ஒரு நிமிர்வு. விஷயத்தை அவர் சொல்லக் கேட்டபோது கொழுந்தனுக்கே சிரிப்பு வரவில்லை. இந்தப் படகில் இன்ஜின் பார்க்கிறவன் அவருடைய மகன். கோட்டையைப் பார்த்துக்கொள்கிற கோட்டைக்காரரின் ஒரே பெண்ணை அவனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோட்டையில் இருப்பது ஒரே ஒரு பீரங்கி. பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பீரங்கி. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் திருப்பி, இன்று அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைக் குறி பார்த்து நிற்கிறது.

"பொண்ணு வீட்டுப் பீரங்கி. மாப்பிள்ளை வீட்டு அடுப்பைக் குறி வெச்சிருக்கு. நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். கல்யாண அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. சாயங்காலக் கடைசிப் படகில் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் பீரங்கியைத் திருப்பியது யார் என்று தெரிய வேண்டும். வெளியாள் யாராவது விளையாட்டுக்குச் செய்திருந்தால் போகட்டும். பெண் வீட்டார் கை அதில் பட்டிருந்தால் இந்தத் தாளை நடுக்கடலில் கிழித்துப் போட்டுவிடுவார். சொல்லும்போது அவர் விரல் அந்தத் தாளை நீவிக்கொண்டிருந்ததை அண்ணி பார்த்தாள். கிழிக்க ஆசைப்படுகிற விரல் இல்லை அது.

முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டாள். கண் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு என்றார். ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. ஆபரேஷனைச் சொன்னதும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணு சரியானதும் படகும் சரியாயிடுச்சுங்க. முன்ன அதிகாரி வந்து ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு, படகு சாயுது, அடுத்த தடவையும் இப்படியிருந்தா நிறுத்திடுவோம்னாரு. ரசமட்டம்தான் கோணல்னு சொன்னேன். இந்தத் தடவை வந்து வெச்சாரு. குமிழி நட்ட நடுவுல. எல்லாம் பார்வை. ஓட்டறவன் நேரா பாத்தா படகு நேரா நிக்கும்."

அப்போது இன்ஜின் பள்ளத்திலிருந்து எண்ணெய் வழிகிற தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளைப் பையன். துப்பறிய வந்தவங்க என்று அப்பா சொன்னதும் தலை உள்ளே போனது. கரை வரும்வரை வெளியே வரவில்லை.

படகை விட்டு இறங்கும்போது கொழுந்தன் வழக்கை முடித்துவிட்டான். பீரங்கி எப்போதும் அந்த வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பாவம், அவருக்கு இப்போதுதான் கண் தெரிகிறது, அடுத்த படகிலேயே திரும்பிவிடலாம் என்றான். அண்ணி நடந்துகொண்டே இருந்தாள்.

கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பக்கம் மதில், நடுவில் முற்றம், மூலையில் கோட்டைக்காரர் குடியிருக்கும் இரண்டறை வீடு, படியேறினால் கடலைப் பார்த்த வட்டக்கல் மேடை. ஒரு கல்யாணக் கூட்டத்தை உள்ளே விட்டால் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டும். வாசலில் ஒரு பலகை: இக்கோட்டை எந்தப் படையெடுப்பிலும் வீழ்ந்ததில்லை. எத்தனை படையெடுப்பு நடந்தது என்று கொழுந்தன் கேட்டான். கோட்டைக்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, எதிரிக் கப்பல் ஒரு தடவை வந்தது, குடிக்கத் தண்ணீர் கேட்டது, வாங்கிக்கொண்டு போய்விட்டது என்றார்.

அவர்தான் அண்ணியை வரச் சொன்னவர். ஒல்லியான மனுஷர். தோளில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. தாயில்லாமல் வளர்த்த பெண், இந்தக் கல்யாணம் நின்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

மேடை நடுவில் இரும்புத் தண்டின்மேல் பீரங்கி கறுப்பாக, அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு பலகை: தொடாதீர்கள். அதன் முன்னால் மதிலில், குண்டு போவதற்கென்று விட்ட திறப்பு. பீரங்கி பார்க்க வேண்டியது அந்தத் திறப்பை. பார்த்துக்கொண்டிருந்ததோ இடது பக்கத்தை. அந்தப் பக்க மதில் உப்புக்காற்றில் கரைந்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதால், அதற்கு அப்பால் படகுத்துறையும் படகுக்காரரின் நீல வீடும் பளிச்சென்று தெரிந்தன. குறி சரியாகச் சமையலறை ஜன்னலில். புகையோ வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. படகுக்காரரின் மனைவி அடுப்பையே பின்னால் மாற்றிவிட்டாள் போலிருக்கிறது. வழக்கு விசாரணை முடியும்வரை அந்த அம்மாவுக்கும் சோறு வேண்டுமே.

கொழுந்தன் சொன்ன கண் ஆபரேஷன் துப்பு அதோடு படுத்துவிட்டது. அவன் குனிந்து தரையில் தடம் தேடினான். ஒன்றும் இல்லை. யாராவது நாலைந்து பேராக வந்து திருப்பியிருப்பார்களா என்று கேட்டதற்குக் கோட்டைக்காரர் வருத்தத்தோடு சிரித்தார். அவர் வேலைக்கு வந்த புதிதில், கீழே இருக்கும் தண்டுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று எட்டு ஆட்கள் வந்தார்களாம். பீரங்கி ஒரு விரற்கடை நகரவில்லை. எட்டுப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படகேறினார்களாம். அதற்கப்புறம் அவரைத் தவிர வேறு யாரும் அதன்மேல் கை வைத்ததில்லை. அவர் விடமாட்டார். விடியற்காலையில் முதல் வேலை அதைத் துடைப்பதுதான், பேசிக்கொண்டே துடைப்பது.

"அதுவும் இப்ப என்கிட்ட நல்லாப் பழகிடுச்சுங்க," என்றார். "முன்னல்லாம் காலையில கை வெச்சா ஜில்லுனு இருக்கும். இப்ப அப்படியில்ல. இத்தனை வருஷம் கழிச்சு என்னை ஏத்துக்கிச்சு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனால் எதிரே வந்து வாங்க என்று கூப்பிடும் என்றான் கொழுந்தன். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டான்.

பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். நல்ல களையான பெண். கேட்காமலே பேச ஆரம்பித்தாள். பீரங்கியைக் காற்று திருப்பியிருக்கும் என்றாள். இல்லாவிட்டால் ஆடு முட்டியிருக்கும். இல்லாவிட்டால் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் ஏதாவது செய்திருக்கும். தீவில் ஆடு இருக்கிறதா என்று அண்ணி கேட்டாள். இல்லை, ஆனால் நீந்தி வந்திருக்கலாம் என்றாள் பெண். தட்டை எடுத்துக்கொண்டு கிடுகிடுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"ஒரே மூச்சுல மூணு குற்றவாளி. நமக்கு வேலையே இல்ல அண்ணி," என்றான் கொழுந்தன்.

"ஒண்ணை மறைக்கறவங்கதான் மூணு காட்டுவாங்க, தம்பி."

அண்ணி டீயைக் கையில் எடுத்துக்கொண்டு மதிலோரம் போய்க் கீழே முற்றத்தைப் பார்த்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பாவாடை, சட்டை, வேட்டி, அப்புறம் ஒரு வரிசை துடைக்கிற துணிகள். கிழிசலாக நைந்துபோன பழைய துணிகளில் எல்லாம் எவ்வளவு துவைத்தாலும் போகாத செங்காவிக் கறை. துருக் கறை. ஓரம் நையாத புதுத் துணிகளில் அந்தச் சிவப்பே இல்லை. கறுப்பு, அடுப்புக்கரி மாதிரி.

அண்ணி திரும்பி, கோட்டைக்காரரே, இன்றைக்குத் துடைத்தாகிவிட்டதா என்று கேட்டாள். நீங்கள் வருகிறீர்கள் என்ற பரபரப்பில் இன்னும் இல்லை என்றார். அப்படியானால் நாங்கள் இருப்பதை மறந்துவிட்டு வழக்கம்போலத் துடையுங்கள் என்றாள். பிறகு கொழுந்தனைப் பீரங்கியின் வாலுக்குப் பின்னால் குந்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பீரங்கியின் முதுகோடு பார்வையை ஓடவிட்டு, அது ஜன்னலில் எந்தக் கம்பியைப் பார்க்கிறதென்று சொல்லச் சொன்னாள். நடுக்கம்பி என்றான். எழுந்திருக்காமல் அப்படியே இரு என்றாள். அண்ணி, எனக்கு முட்டி வலி என்றான். வலிக்கட்டும் என்றாள்.

கோட்டைக்காரர் பீரங்கியின் வலது பக்கம் போய் நின்றார். எப்போதும் அங்கேதானா என்று கேட்டாள் அண்ணி. ஆமாம், அந்தப் பக்கம் நின்றால் காலை வெயில் கண்ணில் அடிக்கும் என்றார். வாலில் தொடங்கினார். என்ன ராஜா, தூங்கினியா, பொண்ணு கல்யாணம் நிக்கப் போகுது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்கியே என்று பேசிக்கொண்டே முன்னால் வந்தார். வாய்ப் பக்கம் வந்ததும் துணியை நன்றாக அழுத்தி, வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஒரு தேய்ப்பு. குழந்தைக்கு வாய் துடைக்கிற அம்மா மாதிரி. அங்கேதான் அவருக்குப் பாசம் அதிகம்.

துடைத்து முடித்ததும் கொழுந்தன் எழுந்தான். நடுக்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பீரங்கி இப்போது அதற்கு அடுத்த கம்பியைப் பார்த்தது. அவன் வாய் திறந்தது. அதே நேரம் அண்ணியின் கால் அவன் கால்மேல் ஏறி நின்றது. கோட்டைக்காரரே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி என்றாள். அவர் மகிழ்ச்சியோடு கீழே ஓடினார்.

இப்போது புரிகிறதா, கண்ணுகளா? பெண் வீட்டார் கை பட்டிருந்தால் கல்யாணம் இல்லை என்று படகுக்காரர் சொன்னாரே. பட்டது பெண்ணைப் பெற்றவருடைய கையேதான். தினமும், ஆசையாக, பேசிக்கொண்டே, தன் பெண்ணின் கல்யாணத்தை அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அண்ணி, எட்டுப் பேர் அசைக்க முடியாததை இவரு எப்படித் துடைச்சே திருப்பினாரு?" கொழுந்தன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அப்படி என்ன சத்து சாப்புடுறாரு?"

அண்ணி சுண்டுவிரலைப் பீரங்கியின் வாயில் வைத்து லேசாகத் தள்ளினாள். பழைய கதவு மாதிரி முனகிக்கொண்டு அது நகர்ந்தது. பிறகு விரலை மடக்கி அதன் முதுகில் தட்டினாள். டொக், டொக். இரும்பு அப்படிச் சத்தம் போடாது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றான் கொழுந்தன்.

"நான்தாங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கொழுந்தனுக்கு உயிரே போய்விட்டது. அது பீரங்கி பேசிய பேச்சு இல்லை. தண்ணீர்ச் சொம்போடு படியில் நின்றிருந்தாள் பெண். அப்பாவைக் கீழேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். புது இன்ஜினை வலது பக்கம் பொருத்தியதிலிருந்து படகு வலது பக்கம் சாய ஆரம்பித்தது. படகுக்கார மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. படகு நேராக இருக்கிறது, கடல்தான் சாய்கிறது என்றார். தீவுக்காரர்கள் ஒன்றும் பேசாமல் எல்லாரும் இடது பக்கம் உட்கார்ந்து சமாளித்தார்கள். ஆனால் அதிகாரி வந்து சோதித்தது காலிப் படகை. அடுத்த முறையும் சாய்ந்தால் படகு நின்றுவிடும். படகு நின்றால் கோட்டையைப் பார்க்க ஆள் வராது. ஆள் வராத கோட்டைக்குக் காவல் எதற்கு? இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். இடது பக்கம் பாரம் வைத்தால் போதும் என்று மாப்பிள்ளைப் பையன் கல் மூட்டைகளைக் கட்டிவைத்தான். மாமா கண்டுபிடித்தார். கல் ஏற்றினால் அது சரக்குப் படகு, நான் மனுஷங்களை ஏற்றுகிறவன் என்று அத்தனையையும் கடலில் வீசினார்.

"மாமா கண்ணுக்குப் படாததா, கனமா ஏதாச்சும் வேணும்னு அவரு மண்டையை உடைச்சிக்கிட்டாரு. நான்தான் சொன்னேன், எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதானே இருக்குன்னு."

மாமா கண் ஆபரேஷனுக்குப் போனபோது, கையைப் பிடித்துக்கொள்ள அப்பாவும் கூடப் போனார். அந்த நேரத்தில் படகை மேடைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜின் தூக்குகிற சங்கிலிக் கப்பியைப் போட்டு, பீரங்கியை இறக்கினார்கள். படகின் அடித்தளத்தில், இடது பக்கப் பலகைக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டியாகிவிட்டது. முட்டிவலிக்கார மாமா அங்கே குனிந்து பார்க்க மாட்டார். உடைந்த பாய்மரத்தைச் செதுக்கி, எண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசி, இங்கே மேலே உட்கார வைத்ததும் மாப்பிள்ளைப் பையன்தான்.

கொழுந்தன் நீளமாக மூச்சு விட்டான். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து சினிமாவுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், சேர்ந்து பீரங்கி தூக்கினவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான்.

யார் திருப்புகிறார்கள் என்பது மட்டும் பெண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணி சொன்னாள். பெண் சொம்போடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எது வேணா ஆகிட்டுப் போறேங்க. அப்பாகிட்ட மட்டும் இது மரம்னு சொல்லிடாதீங்க. தினம் அதுகிட்டப் பேசுறாரு."

பாருங்கள், வழக்கு எங்கே வந்து நிற்கிறதென்று. திருப்பியது யார் என்று சொன்னால் கல்யாணம் போச்சு. எப்படித் திரும்பியது என்று சொன்னால் ஒரு நல்ல மனுஷரின் மனசு போச்சு. சொல்லாவிட்டால் அழைப்பிதழ் போச்சு. அண்ணி சொம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தாள். முழுக்கக் குடித்தாள். வா போகலாம் என்றாள்.

கடைசிப் படகு துறையில் நின்றது. தீவுக்காரர்கள் வழக்கம்போல இடது பெஞ்சில். கோட்டைக்காரரும் பெண்ணும் கரையில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மாப்பிள்ளைப் பையன் இன்ஜின் பள்ளத்திலிருந்து கண்வரைக்கும் எழும்பியிருந்தான். படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணி அவர் பக்கத்தில் போய், இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"யாரு திருப்பினாங்கன்னு தெரிஞ்சுடுச்சு. சொல்லவா?"

"சொல்லுங்க."

"சொன்னா நீங்க அடுத்த கேள்வி கேப்பீங்க. எட்டு ஆள் அசைக்க முடியாத இரும்பை ஒருத்தர் எப்படி அசைச்சாருன்னு."

"கேக்கத்தானே வேணும்?"

"அது இரும்பு இல்லைன்னு நான் சொல்லணும். அப்ப இரும்பு எங்க போச்சுன்னு கேப்பீங்க."

படகுக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்கு நான் கேப்பேன், நீங்க கண் ஆபரேஷனுக்குப் போனப்ப படகு யாருகிட்ட இருந்துச்சு, எதனால நேராச்சுன்னு. இப்படியே போயிட்டிருக்கும். எங்க நிறுத்தணும்னு நீங்கதான் சொல்லணும். படகு ஓட்டறவரு நீங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு தன் காலுக்குக் கீழே இருந்த இடது பக்கப் பலகையைப் பார்த்தார். குதிகாலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். கீழேயிருந்து வந்தது காலி இடத்துச் சத்தம் இல்லை. இன்ஜின் பள்ளத்தில் இரண்டு கண்கள் மூடிக்கொண்டன. இத்தனை நாளும் தன் பார்வையால்தான் நிமிர்ந்து நின்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த படகு. அந்த மனுஷருடைய மீசை ஒரு முறை ஏறி இறங்கியது.

"கிளம்பவே வேணாம்," என்றார். "துறையிலேயே நிறுத்திடுங்க."

பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, சம்பந்தி என்று கூப்பிட்டார். கோட்டைக்காரர் முன்னால் வந்தார்.

"விசாரிச்சாச்சு. காத்துதான் திருப்பியிருக்கு."

கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு ஆட்களை இடுப்பொடித்து அனுப்பிய பீரங்கியைக் காற்று திருப்பியது. அப்படியா, இருக்கும் இருக்கும் என்றார்கள். கோழிக்கூடை அம்மா, கடலே சரியில்லாதபோது காற்று மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்றாள். கோட்டைக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நம்ம பக்கத்துக் காற்று அப்படிப்பட்டதுதான், நான் அப்போதே நினைத்தேன் என்றார். அதை எப்படி மறுபடியும் கடல் பக்கம் திருப்புவது என்றுதான் அவருக்குக் கவலை. அதற்கு அண்ணி வழி சொன்னாள். காற்று வலது பக்கத்திலிருந்து தள்ளியிருக்கிறது, அதனால் நாளையிலிருந்து வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் நின்று துடையுங்கள், வாய்ப் பக்கம் வழக்கம்போல நன்றாக அழுத்தி, கல்யாணத்துக்குள் அதுவாகவே திரும்பிவிடும். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

படகுக்காரர் தாளை இரண்டாக மடித்து மறுபடியும் சட்டைப் பைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. பையைத் தட்டியும் பார்த்துக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கப் போனவர் நின்று, யாரையும் பார்க்காமல், ஆனால் இன்ஜின் பள்ளத்துக்கும் கரையில் நின்ற மருமகளுக்கும் நன்றாகக் கேட்கும்படியாகப் பேசினார்.

"கல்யாணம் முடிஞ்சதும் எனக்கு இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன். சம்பந்தியும் என்கூட வரணும். ரெண்டு பேருமே ஊர்ல இருக்க மாட்டோம். எடுத்த சாமான் எடுத்த எடத்துக்குப் போயிடணும். அப்புறம் இந்தப் படகுல யாராச்சும் கல் மூட்டை வெச்சிருந்தாலும், எனக்கு அடியில குனிஞ்சு பாக்க முடியாது. முட்டிவலி."

பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கொழுந்தனுக்குத் தெரியவில்லை. இன்ஜின் பள்ளத்திலிருந்து பதில் வரவில்லை. இன்ஜின்தான் ஒரே உதையில் கிளம்பியது.

படகு நகர்ந்ததும் படகுக்காரர் தொண்டையைக் கனைத்தார். பாதிப் பேர் வலது பக்கம் போய் உட்காருங்கள், காற்று மாறியிருக்கிறது என்றார். இத்தனை நாள் எவ்வளவு சொல்லியும் கேட்காதவர்கள், காற்று என்றதும் மரியாதையாக எழுந்து போனார்கள். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் காலை நீட்ட இடமில்லாமல் போயிற்று. கொழுந்தன் மடியில் ஒரு கோழிக்கூடை வந்து உட்கார்ந்தது.

அண்ணி டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். டீ நடுவிலேயே நின்றது.

கூடைக்காரம்மா தன் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கொழுந்தனிடம் குனிந்து, "பாத்தீங்களா தம்பி, கடல் சரியாயிடுச்சு," என்றாள்.